பாஸ் மீனுக்குத் தூண்டில் முள் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, வார இறுதியில் ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்பவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு மீன்பிடிச் சாமான் கடைக்குள் நுழைகிற நம்மவர்கள், கோல், ரீல் விற்கும் பகுதியில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. அங்கே கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடுவார். தடுமாற்றம் தொடங்குவது, சுவர் முழுவதும் சிறுசிறு பொட்டலங்களாகத் தூண்டில் முட்கள் தொங்கும் இடத்தில்தான். ஒரே மாதிரி தோன்றும் நூறு முட்களில் எதை எடுப்பது என்று தெரியாமல், விலை குறைந்த ஒன்றையோ பெரிதாகத் தெரியும் ஒன்றையோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். டெக்சஸ் ஏரிகளில் பல ஆண்டுகள் இப்படித் தவறாக எடுத்து, மீன்களைத் தவறவிட்டுக் கற்றுக்கொண்டதை, முதன்முறை கடைக்குப் போகிறவருக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீனைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ச் சந்தையில் ‘ஸீ பாஸ்’ என்று எழுதி வைக்கப்படுவது கொடுவா. அமெரிக்க ஏரிகளில் ‘பாஸ்’ என்று மட்டும் சொன்னால் அது பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் நன்னீர் மீன். இரண்டும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடையின் முடிவு கண்ணுக்குப் பின்னாலும் நீண்டிருந்தால் அது லார்ஜ்மவுத்; கண்ணைத் தாண்டாமல் நின்றால் ஸ்மால்மவுத். இந்த மீன் இரையைக் கடித்துக் கிழிப்பதில்லை. அகன்ற வாயைச் சட்டென்று திறந்து, தண்ணீரோடு இரையையும் உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. வாயில் பட்ட பொருள் இரை இல்லை என்று தோன்றினால் அதே வேகத்தில் துப்பியும் விடுகிறது. பற்கள் உப்புத்தாளைப்போல் சொரசொரப்பானவையே தவிர தூண்டில் கயிறான நரம்பை அறுக்கக்கூடியவை அல்ல. ஆகவே கம்பி இணைப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் உறிஞ்சுவதற்கும் துப்புவதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு பொழுதுக்குள் முள்ளின் முனை வாயின் கடினமான பகுதியில் இறங்கியாக வேண்டும். முள் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும், எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்ற கேள்விகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

பொட்டலத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

நரம்பு கட்டும் வளையத்தைக் காது என்று வைத்துக்கொள்வோம். ஊசிக்கு நாம் சொல்லும் சொல்தான். காதிலிருந்து இறங்குவது தண்டு, பிறகு வளைவு, வளைவின் மறுபுறம் மேலேறி நிற்பது முனை. முனைக்குச் சற்றுக் கீழே, மீன் கழன்றுவிடாமல் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை எதிர்முள் என்று குறிப்பிடுகிறேன். தண்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி புதியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் அளவு. பாஸ் பிடிப்பவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமானது.

எண்கள் முதலில் தலைகீழாகத் தோன்றும். 10 என்று அச்சிட்ட முள் 6-ஐவிடச் சிறியது. 6-ஐவிட 1 பெரியது. 1-க்குப் பிறகு கணக்குத் திரும்பி, 1/0, 2/0, 3/0 என்று எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகிறது. கடையில் இதை ‘ஒன் ஆட்’, ‘டூ ஆட்’, ‘த்ரீ ஆட்’ என்று கேட்க வேண்டும். நிறுவனங்களுக்கிடையே பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது என்பதால், ஒருவருடைய 3/0 இன்னொருவருடைய 4/0 அளவுக்கு இருப்பது உண்டு. ஆகவே எண்ணை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, பொட்டலத்தின் மேல் உங்கள் செயற்கை இரையை வைத்து, கண்ணால் அளந்து பார்த்து வாங்குவதே பிழையற்ற வழி.

முள் எப்படி மாறியது

ஜப்பானின் ஓகினாவாத் தீவில் உள்ள சகிதாரிக் குகையில், கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்த, ஏறத்தாழ 23,000 ஆண்டுகள் பழமையான தூண்டில் முள் கிடைத்திருக்கிறது. அந்த வளைவைப் பார்த்தால், வடிவத்தின் அடிப்படை அப்போதே கண்டறியப்பட்டுவிட்டது என்பது விளங்கும். அதற்குப் பின் நடந்த முன்னேற்றமெல்லாம் பெரும்பாலும் பொருளிலும் முனையிலும் நடந்ததுதான். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் ஊசி செய்பவர்கள் கம்பியை வெட்டி, முனையை அராவி, கத்தியால் எதிர்முள்ளைக் கீறி, அச்சில் வளைத்து, உலையில் காய்ச்சிக் கையாலேயே முட்கள் செய்தார்கள். நார்வேயின் மஸ்டாட் நிறுவனம் 1877-இல் இயந்திரத்தால் முள் செய்யத் தொடங்கியபின் விலை குறைந்தது. கூர்மை மட்டும் அதே வேகத்தில் வளரவில்லை. புதிதாக வாங்கிய முள்ளையும் ஒருமுறை அரத்தில் தேய்த்துக்கொண்டுதான் தண்ணீரில் இறக்க வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. என்னோடு மீன்பிடிக்க வரும் எழுபது வயதுக்காரர் ஒருவர் இன்றும் சட்டைப்பையில் சிறு அரம் வைத்திருக்கிறார், பழக்கம் விடவில்லை.

பாஸ் முள்ளின் வடிவத்தை மாற்றியதற்கான பெருமை முள் செய்தவர்களைவிட இரை செய்த ஒருவருக்கே சேர வேண்டும். 1949-இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டிலேயே மென்மையான பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தார். பின்னாளில் அவருடைய தொழில் டெக்சஸின் டைலர் நகருக்கு வந்தது. மரக்கட்டைகளும் பாசியும் மண்டிய டெக்சஸ் ஏரிகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை எங்கேயாவது சிக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்க முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைக்கும் முறை உருவாகி, ‘டெக்சஸ் ரிக்’ என்று பெயர் பெற்றது. நேரான தண்டில் கோத்த புழு, இரண்டு மூன்று முறை எறிந்ததும் தலையிலிருந்து வழுக்கி இறங்கிவிடும். ஆகவே காதுக்குக் கீழே தண்டை ஒரு படிபோல் மடித்தார்கள். அதுவே ‘ஆஃப்செட்’ முள். பிறகு தடித்த உடல்கொண்ட இரைகள் வந்தன. மீன் கடிக்கும்போது அந்தத் தடித்த பிளாஸ்டிக் மடங்கி ஒதுங்குவதற்கு இடம் தேவைப்பட்டதால், இடைவெளியை அகலமாக்கிய முள் வந்தது. பொட்டலத்தில் ‘ஈ.டபிள்யூ.ஜி.’ என்று போட்டிருப்பது அதைத்தான்.

கூர்மையில் பெரிய பாய்ச்சல் ஜப்பானிலிருந்து வந்தது. ஹியோகோ மாகாணத்தின் பன்ஷூ வட்டாரம் பரம்பரையாக முள் செய்யும் ஊர்களைக் கொண்டது. காமகாட்சு, ஓனர் ஆகிய இரு நிறுவனங்களும் அந்த மண்ணைச் சேர்ந்தவை. 1925-இலேயே ஆஷி ஏரியில் பாஸ் மீன் கொண்டுவந்து விடப்பட்ட நாடு அது என்பதால், அங்கே இந்த மீனை அறிந்தவர்களும் இருந்தார்கள். அந்நிறுவனங்களின் முட்கள் 1980-களில் அமெரிக்கக் கடைகளில் பரவின. சாணை பிடித்த முனையை உருப்பெருக்கியில் பார்த்தால் தேய்த்த கோடுகள் வரப்புகளைப்போல் தெரியும். முள்ளை அமிலக் குளியலில் அளவான நேரம் வைத்தால் அந்த வரப்புகள் கரைந்து முனை வழவழப்பாகிறது. ‘கெமிக்கலி ஷார்ப்பண்டு’ என்று அட்டையில் எழுதியிருப்பதன் பொருள் இவ்வளவே. இத்தகைய முனையை வீட்டில் அரத்தால் தேய்த்தால், போட்ட கூர்மையைக் கெடுப்பதோடு மேற்பூச்சையும் உரித்துத் துருவுக்கு வழிவிட்டவர்கள் ஆவோம். மழுங்கியதும் தூக்கிப்போட வேண்டிய முள் இது.

எஃகும் மாறியது. முள் மிகக் கடினமாக இருந்தால் ஒடிந்துவிடும். மிருதுவாக இருந்தால் நிமிர்ந்துவிடும். கார்பன் மிகுந்த எஃகைச் சூடேற்றிக் குளிர்வித்து மறுபடியும் இளஞ்சூட்டில் பதப்படுத்துவதில் கிடைத்த துல்லியத்தால், முன்பு தடித்த கம்பியில் மட்டுமே கிடைத்த வலிமை இப்போது மெல்லிய கம்பியிலும் கிடைக்கிறது. மெல்லிய கம்பி எளிதில் இறங்கும் என்பதால் எதிர்முள்ளையும் சிறிதாக்க முடிந்தது. முனையைச் சூழ வழுக்கும் பூச்சு இடுவது இதன் அண்மைய வளர்ச்சி. அதனால் விலை கணிசமாக ஏறுகிறது. பழகும் காலத்தில் ஏரியின் அடியில் பாதி முட்களை விட்டுவிட்டு வரப்போகிற புதியவருக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். சாதாரணக் கறுப்பு நிக்கல் பூச்சு போதும்.

தேர்ந்தெடுக்கும் வரிசை

முள்ளை முதலில் தேர்ந்தெடுக்கக் கூடாது. கடைசியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் நிற்கப்போகும் கரையைப் பார்ப்பதே முதற்படி. தண்ணீரில் பாசியும் புதரும் மூழ்கிய மரங்களும் இருந்தால் முனையை மறைக்கும் முள் வேண்டும். அடி சுத்தமாக, மணலும் கல்லுமாக இருந்தால் முனை வெளியே தெரியும் முள்ளே மேல், ஏனென்றால் அது பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வர வேண்டிய வேலை இல்லாமல் நேரே மீனைத் தொடுகிறது.

இரண்டாவது படி இரையைத் தீர்மானிப்பது. ஆறு ஏழு அங்குல நீளமுள்ள மெல்லிய புழுவுக்கு 3/0 ஆஃப்செட் பொருந்தும். நான்கு அங்குலப் புழுவுக்கு 1/0 அல்லது 2/0 போதும். பத்து அங்குலப் பெரும்புழுவுக்கு 5/0 வேண்டியிருக்கும். நண்டுபோலவும் பல்லிபோலவும் செய்த தடித்த இரைகளுக்கு 4/0 அளவில் அகன்ற இடைவெளி முள்ளை எடுக்கலாம். கேரி யமமோட்டோவின் ‘சென்கோ’ போன்ற உருண்டைக் குச்சி இரையை நடுவில் குத்தி இருபுறமும் தொங்கவிடும் ‘வாக்கி’ முறைக்கு, 1 அல்லது 1/0 எண்ணில் குட்டைத் தண்டுள்ள முள் ஒன்றே போதும். அதிகம் பழகாதவருக்கும் மீன் கிடைக்கிற முறை இது. உயிருள்ள மண்புழு வைத்து மிதவைத் தக்கையோடு பிடிக்க விரும்புகிறவர்கள், முனை உள்நோக்கி வளைந்த ‘சர்க்கிள்’ முள்ளை வாங்குவது நல்லது. மீன் இரையை விழுங்கிவிட்டாலும் அம்முள் தொண்டையில் குத்தாமல் பெரும்பாலும் வாயோரத்துக்கு நழுவி வந்து மாட்டும். அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது; நரம்பு இறுகும்படி நிதானமாகச் சுற்றினால் போதும்.

மூன்றாவது படியில் இடைவெளியைச் சோதிக்க வேண்டும். முள்ளை இரையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரையின் தடிமன் இடைவெளியில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டால் அந்த முள் சிறியது. கோத்த பிறகு, மீன் கடிப்பதுபோல் இரண்டு விரலால் உடலை அழுத்தினால் முனை தடையில்லாமல் வெளியே வர வேண்டும். வராவிட்டால் ஏரியிலும் வராது. பெரிய முள்ளாகப் போட்டால் பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டு நான்கு அங்குலப் புழுவில் 5/0 முள்ளைக் கோத்தாலோ, புழு விறைத்த குச்சியாகி நெளிவதை நிறுத்திவிடும்.

நான்காவது படி நரம்புக்கும் கம்பிக்கும் பொருத்தம் பார்ப்பது. அளவைச் சரியாக எடுப்பவர்களும் இங்கே தவறுகிறார்கள்; நானும் தவறினேன். டல்லாஸுக்கு வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரியில், 50 பவுண்டு இழுவிசை தாங்கும் பின்னல் நரம்பில் மெல்லிய கம்பி முள்ளைக் கட்டிப் புதருக்குள் எறிந்தேன். நல்ல மீன் ஒன்று இழுத்தது. நானும் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வெளியே வந்தது மீனில்லை, கழற்றிய ஊக்கைப்போல் நிமிர்ந்திருந்த முள். முள்ளின் மேல் குற்றமில்லை. பின்னல் நரம்பு சற்றும் நீளாது. கையின் விசை முழுவதும் அப்படியே முள்ளில் போய் விழுகிறது. ஆகவே 50, 65 பவுண்டு பின்னல் நரம்பும் விறைப்பான கோலும் வைத்திருப்பவர் தடித்த கம்பி முள்ளையே கட்ட வேண்டும். மாறாக, 8 அல்லது 10 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பும் வளைந்து கொடுக்கும் ஸ்பின்னிங் கோலும் வைத்திருப்பவர் தடித்த முள்ளைக் கட்டினால், அதை மீனின் தாடையில் இறக்கும் அளவுக்கு விசை அவர் கையிலிருந்து போய்ச் சேராது. மீன் சற்று நேரம் வந்து, படகோரத்தில் வாயைத் திறந்து போய்விடும். மெல்லிய நரம்புக்கு மெல்லிய கம்பி, 15 முதல் 20 பவுண்டு நரம்புக்கு நடுத்தரக் கம்பி, பின்னலுக்குத் தடித்த கம்பி என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் கடைக்குப் போகிறவர் 3/0 அகன்ற இடைவெளி ஆஃப்செட் முள் ஒரு பொட்டலமும், 1/0 வாக்கி முள் ஒரு பொட்டலமும் வாங்கினால் ஒரு பருவம் முழுவதும் தாராளமாகச் சமாளிக்கலாம். அந்தந்த மாநிலத்தின் மீன்பிடி உரிமத்தை அதே கடையிலோ இணையத்திலோ எடுத்துவிட வேண்டும். அதை மறந்தால் கட்ட வேண்டிய அபராதத்தில் பல ஆண்டுகளுக்கான முட்களை வாங்கிவிடலாம்.

டெக்சஸ் ரிக் கோத்தல்

தோட்டா வடிவ எடையை, கூரிய பக்கம் கோலை நோக்கியிருக்கும்படி முதலில் நரம்பில் கோர்த்துக்கொண்டு, பிறகு முள்ளைக் கட்டுங்கள். நரம்பை இரட்டையாக மடித்துக் காதுக்குள் நுழைத்துப் போடும் பாலோமர் முடிச்சு எளிது, உறுதியானதும்கூட. இறுக்குவதற்கு முன் எச்சிலால் ஈரப்படுத்துங்கள். உலர்ந்த நரம்பு உராய்வில் சூடேறி வலுவிழக்கும். இப்போது முனையைப் புழுவின் தலை நடுவில் குத்தி, கால் அங்குலம் உள்ளே செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். தண்டு வழியே புழுவை மேலேற்றிக் கொண்டுபோய், மடிப்புப் பகுதி தலைக்குள் அமர்ந்ததும் முள்ளை அரைவட்டமாகத் திருப்பினால் முனை புழுவின் உடலைப் பார்த்து நிற்கும். புழுவை நேராகத் தொங்கவிட்டு, வளைவு உடலின் எந்த இடத்தில் வந்து படுகிறதோ அந்த இடத்தை நகத்தால் குறித்துக்கொண்டு, அங்கேயே முனையை உள்ளே குத்தி மறுபக்கம் எடுக்க வேண்டும். வெளியே வந்த முனை முதுகின் மேல் படுத்திருக்கும். பிளாஸ்டிக்கைச் சற்றே முன்னுக்குத் தள்ளி, முனையின் நுனியை மட்டும் மேல்தோலுக்குள் செருகிவிட்டால் பாசியில் சிக்காது, மீன் அழுத்தியவுடன் வெளிப்பட்டுவிடும்.

முடித்ததும் புழு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். குறித்த இடம் சற்றுத் தவறினாலும் புழு கூன் விழுந்து, இழுக்கும்போது பம்பரம்போல் சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், அதை எந்த மீனும் மதிக்காது. சோம்பல் படாமல் கழற்றி மீண்டும் கோத்துவிடுவதே நல்லது.

மீன் கடித்ததும் செய்ய வேண்டியதும் முள்ளுக்கு முள் வேறுபடும். தடித்த ஆஃப்செட் முள்ளானால், நரம்பின் தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டுக் கோலை விசையுடன் மேலே தூக்க வேண்டும், ஏனென்றால் முனை முதலில் பிளாஸ்டிக்கையும் பிறகு தாடையையும் துளைத்தாக வேண்டும். வெளியே தெரியும் மெல்லிய முள்ளுக்கு அந்த ஆவேசம் கூடாது. கோலை ஒருபுறமாகச் சாய்த்துக்கொண்டே சுற்றினால் இன்றைய கூர்மைக்கு அதுவே போதும். தொலைக்காட்சிப் போட்டிகளில் படகே ஆடும்படி இழுப்பவர்களைப் பார்த்துவிட்டு, எல்லா முள்ளையும் அப்படியே இழுக்கிறவர்கள் மீனின் வாயைக் கிழித்துவிடுகிறார்கள்.

மீன் உருவில் செய்த கடின இரைகளில் வரும் மும்முள்ளைப் பற்றி இப்போதைக்கு அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இரையோடு வந்த அளவையே மாற்றாகவும் வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் எடை கூடி இரையின் ஆட்டம் கெடும்.

பராமரிப்பும் கழற்றுவதும்

முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உடனே கவ்வி நின்றால் கூர்மை இருக்கிறது. வழுக்கிக்கொண்டு ஓடினால் மாற்ற வேண்டும். கல்லில் மோதிய பிறகும், பெரிய மீன் ஒன்றைப் பிடித்த பிறகும் இதைச் செய்வது வழக்கமாகிவிட வேண்டும். ஈரமான முள்ளைப் புதியவற்றோடு ஒரே பெட்டியில் போட்டு மூடினால், அடுத்த வாரம் எல்லா முட்களிலும் துரு பூத்திருக்கும்.

பிடித்த மீனை விட்டுவிடுவது பாஸ் பிடிப்பவர்களிடையே வேரூன்றிய பழக்கம். ரே ஸ்காட் தம்முடைய பாஸ் போட்டிகளில் 1972-இல் மீனை உயிரோடு விடும் முறையைக் கொண்டுவந்தது அதைப் பரப்பியது. விடுவதாக இருந்தால், வீட்டிலேயே இடுக்கியால் எதிர்முள்ளை அழுத்தித் தட்டையாக்கிக்கொண்டு போவதில் தவறில்லை. நரம்பைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் மீன் தப்பிவிடாது. புதியவர் தம் விரலிலேயே குத்திக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி என்பதாலும் இதைப் பரிந்துரைக்கிறேன். கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, நீண்ட மூக்குடைய இடுக்கியால் வளைவைப் பிடித்து, குத்திய வழியிலேயே திருப்பி எடுக்க வேண்டும். முள் தொண்டைக்குள் போய்விட்டிருந்தால் பிடுங்க முயலாமல் நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டிவிடுங்கள். பிடுங்குவதால் ஏற்படும் காயம் பெரும்பாலும் முள்ளைவிடக் கொடியது.

எறியும்போது பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்களுக்கும் உங்களுக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். மழுங்கிய முட்களைக் கரையில் எறியாமல் மூடியுள்ள பழைய மாத்திரைக் குப்பியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நிறைந்ததும் மூடியை ஒட்டுநாடாவால் சுற்றிக் குப்பையில் போட்டுவிடலாம்.